ஒரு லட்சம் டாலர் சமாதானம்

முதல் மகாயுத்தத்தின் புண் ஆறாதிருந்த 1923-ஆம் வருஷத்தில், ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையை முப்பது வருஷம் நடத்தி ஓய்வு பெற்றிருந்த எட்வர்ட் பாக், உலக சமாதானத்தைக் காக்க அமெரிக்கா ஏனைய தேசங்களுடன் எவ்விதம் ஒத்துழைக்கலாம் என்பதற்கு நடைமுறைக்கு உகந்த திட்டத்தை எழுதும் பிரஜைக்கு ஒரு லட்சம் டாலர் பரிசளிப்பதாக அறிவித்தார். ஐயாயிரம் வார்த்தைக்கு மேற்படலாகாது; பாதித் தொகை தேர்வானவுடன், மறுபாதி செனட் சபையோ போதிய ஜனங்களோ அதை ஆதரித்த பின். வந்து குவிந்தவை 22,165 திட்டங்கள்.

இத்தகைய போட்டியை வெறும் பணத்தாசை என்று தள்ளுவோர், எழுதுகோலின் குணத்தை அறியாதவர்கள். திண்ணையில் உட்கார்ந்து ராஜ்யங்களை வைவது எளிது. ஆனால் சண்டையிடும் இரு தேசங்களை விலக்குவது யார், அதற்குப் படை அனுப்புவது யார், கட்டுப்பட மறுத்தவனை என்ன செய்வது என்று வரிசையாக எழுதப் புகுந்தவனுக்கு, மூன்றாவது பக்கத்தில் கை தானாக நின்றுவிடும். வெளிநாட்டு விவகாரம் ஸ்தானாபதிகளின் சொத்து என்றிருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான சாமானியர்களுக்கு அந்தத் திகைப்பை உண்டாக்கியதே பாக் செய்த பேருபகாரம்.

குறை, தேர்வில் இருக்கிறது. நடுவர்களின் தலைவர் எலிஹு ரூட். உலக நியாயஸ்தலத்தின் சட்டத்தை 1920-இல் ஹேக் நகரில் வகுத்த நிபுணருள் ஒருவர். பரிசு பெற்றதோ, அந்த நியாயஸ்தலத்தில் அமெரிக்கா சேரவேண்டும், சர்வதேச சங்கத்தில் அங்கத்தினராகாமலே அதனுடன் ஒத்துழைக்கவேண்டும் என்ற திட்டம். நியாயஸ்தலத்தில் சேரும் யோசனையை ஜனாதிபதி ஹார்டிங் போட்டிக்கு முன்பே செனட்டுக்கு அனுப்பியிருந்தார். எழுதிய சார்ல்ஸ் லெவர்மோரும் சமாதானச் சங்கங்களில் பழுத்தவர், முன்னாள் கல்லூரித் தலைவர். பெயர் மறைத்தே பரிசீலித்தார்கள், கபடம் ஏதுமில்லை. ஆயினும் பெயரை மறைக்கலாமேயொழிய ருசியை மறைக்க இயலாது; விவேகிகள் கூடி உட்கார்ந்தால், தாங்கள் ஏற்கெனவே எண்ணியிருப்பதை அழகாகச் சொன்னவனையே விவேகி என்பார்கள்.

அத்திட்டத்தை மட்டும் முன்வைத்து ஜனங்களிடம் ‘ஆம், அல்ல’ என்று கேட்டபோது ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். பெரும்பாலோர் ஆம் என்றனர். செனட்டோ, இது பிரசாரமா என்று விசாரிக்கக் கமிட்டி அமைத்து, பாக்கையே சாட்சிக்கு அழைத்தது. (சமாதானத்தைப் பற்றி எழுதச் சொன்னவரை விசாரித்த அச்சபை, 1935-இல் அந்த நியாயஸ்தலத்தில் சேரும் தீர்மானத்தையும் மூன்றில் இரு பங்கு ஆதரவின்றி விழவிட்டது.)

இதற்கு முன்னாளில், அமெரிக்க சமாதானச் சங்கம் தேசங்களின் மகாசபையைப் பற்றி நடத்திய போட்டியில், சிறந்தது எது என்பதில் நடுவர்கள் ஒத்துப்போகவில்லை. ஐந்து கட்டுரைகள் 1840-இல் அச்சாயின. கப்பல் தலைவராயிருந்து சமாதானப் பணிக்கு வந்த வில்லியம் லாட், தள்ளுபடியான கட்டுரைகளையெல்லாம் பொறுமையுடன் படித்து, அவற்றில் கிடைத்த கருத்துக்களையும் சேர்த்து ஆறாவதொன்றை எழுதினார். சட்டம் வகுக்கும் சபை வேறு, வழக்குத் தீர்க்கும் நியாயஸ்தலம் வேறு என்று தெளிவுற வகுத்த அந்த ஆறாவதே பின்னால் பேர் பெற்றது. பாக்கின் போட்டியிலிருந்தும் இருபது திட்டங்கள் நூலாக வெளிவந்தன. ஆனால் தொகுத்து அச்சிடுவது வேறு, லாட் செய்தது போல் கலந்து சமைப்பது வேறு. அந்த லட்சத்தில் ஒரு பங்கை, மீதியிருந்த காகிதங்களைப் படிக்கும் பொறுமைசாலி ஒருவருக்கென்று பாக் ஒதுக்கியிருக்கலாம்.