பட்டியலிற் சேராதவர்கள்

செங்கடல் வழியே சென்ற வணிகக் கப்பல்களைத் தாக்கிவந்த யேமனின் ஹூதி இயக்கத்தினரைப் பொருளாதாரத் தடைகளால் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது மேற்குலக அரசுகளும் அவற்றை ஒட்டி எழுதும் பத்திரிகைகளும் அலுப்பின்றிக் கூறிவரும் வாதம். பணம் வரும் வழியை அடைத்துவிட்டால் ஏவுகணை வாங்க இயலாது. ஏவுகணை இல்லையேல் கப்பலுக்கு ஆபத்தில்லை. கேட்பதற்குத் தெளிவான கணக்குத்தான். ஆனால், நடந்தவற்றைத் திகதி வரிசையில் வைத்துப் பார்த்தால் கணக்கு எங்கோ பிழைத்திருப்பது புலப்படும்.

2023 நவம்பர் 19ஆம் திகதி ஹூதிகள் கலக்ஸி லீடர் என்னும் கப்பலைக் கைப்பற்றினர். காசாமீது இஸ்ரேல் தொடுத்த போருக்கு இது பதில் என்றனர். 2024 பெப்ரவரி 16இல் அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைப் பட்டியல் அவர்கள்மீது நடைமுறைக்கு வந்தது. இரண்டே நாளில், 18ஆம் திகதி, உரம் ஏற்றிச் சென்ற றூபிமார் தாக்குண்டது. மார்ச் 2இல் மூழ்கிற்று. 2025 மார்ச் 4இல் தடை மேலும் கடுமையாக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் மஜிக் சீஸ், எடேர்னிற்றி சீ ஆகிய இரு கப்பல்கள் ஒரே வாரத்திற் கடலுக்கடியிற் போயின. மறுபுறம், 2025 ஜனவரியில் காசாவிற் போர்நிறுத்தம் வந்தபோது வணிகக் கப்பல்கள்மீதான தாக்குதல் ஓய்ந்தது. ஒக்டோபரில் இரண்டாம் போர்நிறுத்தம் வந்தபோதும் ஓய்ந்தது.

காரணம் காண்பது அரிதன்று. தடை என்னும் ஆயுதம் வெளிநாட்டு வங்கியை நம்பி வாழ்பவனையே தாக்கும். ஹூதிகளின் வருவாயோ ஹொதைடாத் துறைமுகத்தில் இறங்கும் எரிபொருளுக்கும் பண்டங்களுக்கும் அறவிடும் தீர்வையிலும், தமது ஆட்சிக்குட்பட்ட மக்களிடம் வாங்கும் வரியிலும் பெரிதும் தங்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015இலேயே ஆயுதத் தடை விதித்தும், சிறு மரக்கலங்களில் ஆயுதம் வந்துகொண்டுதான் இருந்தது. மரக்கலக்காரன் நியூயோர்க் வங்கியின் உத்தரவாதத்துக்குக் காத்திருப்பதில்லை. கோதுமை இறக்குமதி செய்பவன் காத்திருக்கிறான். யேமன் உண்ணும் கோதுமையின் மிகப் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்குண்டு என்பர். எழுத்தில் உண்டு. அபராதத்துக்கு அஞ்சும் வங்கியோ யேமன் என்ற பெயரைக் கண்டதும் கோப்பை மூடிவிடுகிறது. 2021 ஜனவரியில் இதே இயக்கம் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது பஞ்சம் வருமென நிவாரண அமைப்புகள் எச்சரித்ததும், அடுத்த மாதமே புதிய அமெரிக்க அரசு அதனை நீக்கியதும் இன்று வாதிடுவோருக்கு வசதியாக மறந்துவிட்டன.

பணத்தை ஆயுதமாக்குவது யேமனுக்குப் புதிதுமன்று. 2016 செப்டெம்பரில், சர்வதேச அங்கீகாரம் பெற்ற அரசு மத்திய வங்கியைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றியது. கிளர்ச்சிக்காரர் வாடுவர் என்பது எதிர்பார்ப்பு. வாடியவர்கள் ஆசிரியர்கள். ஹூதிகள் ஆளும் வடபகுதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அதன்பின் ஆண்டுக்கணக்காக ஒழுங்கான சம்பளமின்றித் தவித்தனர்; பலர் பள்ளியை விட்டுக் கிடைத்த கூலிக்குப் போயினர். சனாவில் ஆள்வோர் தீர்வையைத் திரட்டிக்கொண்டே, சம்பளம் தரவேண்டியவர்கள் எதிர்த்தரப்பினர் என்றனர். ஏடனோ, வரி வாங்குபவர் தரட்டும் என்றது. சம்பளம் ஒரு வாரம் பிந்தினால் கடைக்காரருக்கு என்ன சொல்வதென்று அறிந்த நம் ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2024 ஜூலையில் ஏடன் மத்திய வங்கி சனாவிலுள்ள ஆறு வங்கிகளின் உரிமத்தை இரத்துச் செய்தது. ஹூதிகள் சவூதி அரேபியாவை மிரட்டினர். அம்மாதம் 23ஆம் திகதியே ஐக்கிய நாடுகளின் தூதுவர் உடன்பாட்டை அறிவித்தார், ஆணை மீளப்பெறப்பட்டது. உண்மையில் நோகும் இடத்தைத் தொட்ட ஒரேயொரு நடவடிக்கையை, தொட்டவர்களே விலக்கிக்கொண்டனர். காசாவிற் குண்டுவீச்சு நின்றபோது கடலும் அடங்கியது என்று ஒப்புக்கொண்டால், அக்குண்டுகளைக் கொடுத்தவர் யார் என்ற வினாவுக்கு வொஷிங்டன் விடையளிக்க நேரும். பட்டியல் தயாரிப்பது அதனிலும் மலிவான வேலை. ஹூதிகளும் அதைக் கற்றுக்கொண்டனர்: 2025 செப்டெம்பர் இறுதியில் அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகள்மீது தாமே 'தடை' விதிப்பதாக அறிவித்தனர்!

இவ்வாறு கூறுவதால் அவர்களுக்கு விடுதலை வீரர் பட்டம் சூட்டுகிறோம் என எவரும் எண்ணவேண்டாம். முற்போக்கு நண்பர்கள் சிலர் சூட்டுகின்றனர். அது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது. பத்திரிகையாளரையும் ஐக்கிய நாடுகள் ஊழியரையும் சிறையிலிட்ட கூட்டம் இது. 2024 மார்ச் 6இல் அவர்கள் தாக்கிய ட்ரூ கொன்பிடன்ஸ் கப்பலின் கொடி பார்படோஸினுடையது. நடத்தியது கிரேக்கக் கம்பனி. அதில் உழைத்த இருபதுபேரும் பிலிப்பைன்ஸ், வியட்நாம், இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தோர். இறந்தவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருவர், வியட்நாமியர் ஒருவர். காசாவின் பசிக்கு இவர்கள் எவ்வகையிற் பொறுப்பாளிகள்?

அக்கப்பலில் ஆயுதக் காவலுக்கு நின்ற மூவருள் ஒருவர் நேபாளி. மற்ற இருவரும் இலங்கையர். அதே கடலுக்கு நமது போர்க்கப்பல் ஒன்றை அனுப்ப இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்று அவ்வாண்டு ஜனவரியில் அப்போதைய சனாதிபதி கூறியிருந்தார். நம்மவர் ஏன் அங்கே கூலிக்குக் காவல் நிற்கிறார்கள் என்பது அந்தக் கணக்கிற் சேராத கேள்வி.