படத்துக்கும் உரை வேண்டும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைத்திராவிடில், பண்டைத் தமிழரின் ஆடலையும் இசையையும் பற்றி நாம் அறிவது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அவ்வுரை கிடைக்காத கானல்வரியிலோ, இசைநுட்பங்கள் பல இன்றும் தெளிவுறாமல் நிற்கின்றன. மூலம் மட்டும் பிழைத்தால் போதாது. உரையும் பிழைத்தல் வேண்டும்.

இவ்வுண்மை ஏட்டுக்கு மட்டுமன்று, படத்துக்கும் பொருந்தும். 1909-இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன், தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிலுள்ள படங்கள் பலவற்றின் கீழே குலப்பெயர் உண்டு. நிற்பவர் பெயர் இல்லை. படத்துக்கு உரை சொல்லும் உரிமை படத்தில் உள்ளவர்க்குக் கிட்டவில்லை.

இன்றைய மின்னணுக் காப்பகங்கள் இக்குறையைப் போக்கவல்லன. மும்பையில் 2008-இல் தொடங்கப்பெற்ற பாட்.மா காப்பகத்தில், வெட்டித் தொகுக்கப்படாத ஒளிப்பதிவுகளை நொடிவாரியான குறிப்புகளுடன் காணலாம். பேச்சின் எழுத்து வடிவம், காட்சி விளக்கம், இடப்பெயர் ஆகியவை தனித்தனி அடுக்குகளாக அமையும். ஒரே காட்சிக்குப் பலர் உரை எழுதலாம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபினர்க்கு இம்முறை புதிதன்று. 2013-இல் தோன்றிய இந்தியன்சினி.மா இதனையே திரைப்படங்களுக்கு விரித்தது. எனினும் குறிப்புகளில் ஆங்கிலமே மேலோங்கி நிற்பது இவற்றின் குறை எனலாம்.

அக்குறையின் அளவை ஆனைகட்டியில் நின்று நோக்கினால் உணரலாம். கோவைக்கும் அட்டப்பாடிக்கும் இடைப்பட்ட இவ்வெல்லையூரைச் சூழ இருளர் வாழ்கின்றனர். அட்டப்பாடி இருளராகிய நஞ்சம்மா, 2020-இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தம் மொழியில் பாடியமைக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதினை 2022-இல் பெற்றார். கேட்டு மகிழ்ந்தோர் மிகப் பலர். சொற்பொருள் உணர்ந்தோர் மிகச் சிலர். இருளர் ஆடிப் பாடும் பதிவு ஒன்று கிடைப்பின், புறத்தார் அதனைப் 'பழங்குடி ஆடல்' என்று குறித்து அமைவர். ஊதப்படுவது கொகல் என்னும் குழல் என்பதையும், அப்பாட்டு விழாவுக்கு உரியதா சாவுக்கு உரியதா என்பதையும் இருளரே சொல்லல் கூடும்.

பதிவைக் காக்கக் கருவிகள் உண்டு. பொருளைக் காக்க மனிதரே வேண்டும். முதியோர் இருக்கும்போதே அவர்களுக்குப் படத்தைக் காட்டி, அவர்கள் சொல்லிலேயே குறிப்பெழுதுதல் வேண்டும். சொன்னவர் பெயர் உரையாசிரியர் பெயராகவே நிலைபெறல் வேண்டும். இன்றேல் நாம் சேர்த்து வைப்பது, உரை இழந்த இன்னொரு கானல்வரியாகவே முடியும்.