மண்ணை மறந்த விண்வெளி: 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்தின் கருத்துநிலை பற்றிய சில குறிப்புகள்

கிறிஸ்தோபர் நோலனின் நெறியாள்கையில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லர்', பத்தாண்டு கழிந்து 2024 டிசெம்பரில் மீண்டும் பெருந்திரை அரங்குகளுக்கு வந்தபோது, புதிய படமொன்றுக்குத் திரள்வது போலவே மக்கள் திரண்டனர். வணிகத் திரைப்படமொன்று இவ்வாறு நின்று நிலைப்பது அரிது. அதற்கான காரணத்தை விளம்பரத்தில் மட்டும் தேடுவது பொருந்தாது. இந்நிலம் இனியும் தன் மக்களுக்கு உணவளிக்குமா என்ற ஐயம் இன்று உலகின் பல பாகங்களிலும் சாதாரண மனிதரின் உள்ளத்திற் குடிகொண்டுள்ளது. அந்த ஐயத்தை இப்படம் நேராகத் தொடுகிறது. தொட்டபின் அதனை எத்திசையில் திருப்பிவிடுகிறது என்பதே நமது வினா.

இத்தகைய படங்களை அணுகுவோரிடையே இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். ஹொலிவூட் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே ஏகாதிபத்தியப் பிரசாரம் என ஒரு வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவோர் ஒருசாரார். கருந்துளையின் கணிதம் சரியா பிழையா என்று மட்டும் பார்ப்போர் மறுசாரார். முன்னவர்கள் படத்தைப் பாராமலே விமர்சிப்பவர்கள். பின்னவர்கள் படத்தில் மனிதர் இருப்பதைக் கவனிக்காதவர்கள். ஒரு கலைப்படைப்பின் கருத்துநிலை அதன் வெளிப்படையான கோஷங்களில் அன்றி, அது எதைக் காரணமென்று காட்டுகிறது, எதைக் காரணமற்றதாக விடுகிறது என்பதிலேயே உறைந்திருக்கும்.

முதலில் படத்தின் ஆற்றலை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 169 நிமிடம் ஓடும் இப்படத்தைத் திரையரங்கின் இருளிற் பார்ப்பதும் வீட்டிற் சிறு திரையிற் பார்ப்பதும் ஒன்றல்ல. விண்கலத்தின் வெளிப்புறம் காட்டப்படும் கணங்களில் ஒலி முற்றாக அற்றுப்போகிறது. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் அந்த நிசப்தம் உடலால் உணரப்படுவதொன்று. மறுகணம் ஹான்ஸ் சிம்மரின் இசை, தேவாலயத்துப் பெரிய ஓர்கன் வாத்தியத்தின் முழக்கத்தோடு எழுந்து, பாத்திரங்களின் பேச்சையே விழுங்கிவிடுகிறது. பல பார்வையாளர் இதனைக் குறையாகச் சொன்னபோது, அது தாம் வேண்டுமென்றே செய்ததென நோலன் விடையளித்தார். இதனை முற்றாக நாம் ஏற்பதற்கில்லை. பேராசிரியர் பிராண்ட் மரணப்படுக்கையிற் சொல்வது கதையின் அச்சாணி. அதுவே தெளிவாகக் கேட்காவிடின் பார்ப்பவன் உணர்ச்சியை மட்டும் பெற்றுக்கொண்டு காரணத்தைத் தவறவிடுகிறான். இது ஒலிப்பதிவு பற்றிய செய்தி மட்டுமன்று என்பது பின்னர் புலப்படும்.

கதை சுருக்கமானது. பயிர்நோயால் உலகம் பட்டினியை நோக்கிச் செல்கிறது. கோதுமை முன்னரே அழிந்துவிட்டது; வெண்டி இவ்வாண்டோடு முடிந்தது; எஞ்சியது சோளம் மட்டுமே. முன்னாள் விமானியும் இந்நாள் கமக்காரனுமான கூப்பர், சனிக்கோளின் அருகே தோன்றிய புழுத்துளையினூடாக மனிதர் குடியேறத்தக்க வேறொரு கோளைத் தேடிச் செல்கிறான். மகள் மர்ஃபையும் மகன் டொமையும் விட்டுச் செல்கிறான். அவன் இறங்கும் நீர்க்கோளில் ஒரு மணித்தியாலம் பூமியின் ஏழாண்டுகளுக்குச் சமம். கலத்துக்கு மீளும்போது 23 ஆண்டுகள் கடந்துவிட்டன. தன் பிள்ளைகள் அனுப்பிய ஒளிப்பதிவுச் செய்திகளை ஒரே இருப்பில் அமர்ந்து அவன் பார்க்கும் காட்சி, அண்மைக்காலத் திரைப்படங்களில் நாம் கண்ட மிக உண்மையான காட்சிகளுள் ஒன்று. தன் உழைப்பை விற்பதற்காகத் தொலைவிடம் சென்று, பிள்ளைகள் வளர்ந்ததைப் படங்களில் மட்டும் கண்ட எவருக்கும் அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. சார்பியற் கோட்பாடு இங்கே உவமையாக அன்றி அனுபவமாகவே மாறிவிடுகிறது. (அதே 23 ஆண்டுகளைக் கலத்தில் தனியனாகக் கழித்த பௌதிகவியலாளன் ரொமிலியின் தனிமைக்கு ஓரிரு வசனங்களே ஒதுக்கப்பட்டுள்ளன. அவன் குடும்பத்தலைவனாகக் காட்டப்படாதவன். ஆகவே அவனது காலம் கணக்கில் வரவில்லை போலும்.)

விஞ்ஞானத்தில் இப்படம் காட்டிய கவனம் மெச்சத்தக்கது. பௌதிகவியலாளர் கிப் தோர்ன் அதன் ஆலோசகர். ஈர்ப்பலை ஆய்வுக்காக 2017இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. கருந்துளையைத் திரையில் வரைவதற்கென அவரும் காட்சி விளைவுக் கலைஞரும் உருவாக்கிய கணிப்புமுறை, 2015இல் ஆய்வேடொன்றிற் கட்டுரையாகவும் வெளிவந்தது. எனினும், கருந்துளையைச் சூழ்ந்த ஒளித்தட்டின் ஒருபுறம் பிரகாசமாகவும் மறுபுறம் மங்கியும் தோன்றவேண்டும் என்பதைக் கணிப்பு காட்டியிருந்தும், பார்வையாளர் குழம்புவர் எனக் கருதி அவ்வேறுபாட்டை நோலன் நீக்கிவிட்டார். 2019இல் வெளியான எம்-87 விண்மீன்மண்டலத்துக் கருந்துளையின் படத்தில் அத்தகைய சமச்சீரின்மையை உலகம் நேரிற் கண்டது. இது மன்னிக்கத்தக்க சிறு மாற்றமே. ஆயினும் ஒளித்தட்டொன்றின் பிரகாசம் பற்றி இவ்வளவு சிந்தித்தவர்கள், தம் கதையின் பஞ்சம் எங்கிருந்து வந்தது என்பது பற்றிச் சிந்தித்தார்களா?

படம் தரும் விடை: பயிர்நோய். அது வானிலிருந்து விழுந்தாற்போல வந்தது. தோர்ன் தமது நூலில், அத்தகைய நோய் சாத்தியமா என உயிரியலாளருடன் நிகழ்த்திய உரையாடலைப் பதிந்துள்ளார். சாத்தியமா என்பது உயிரியலிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஏன் ஒரு நாடு முழுவதும் ஒரே பயிரை நாட்டுகிறது, யாருக்காக நாட்டுகிறது என்பன வரலாற்றிடம் கேட்கவேண்டியவை. படத்தில் நிலவுடைமையாளர் இல்லை, வங்கி இல்லை, தானிய வணிகர் இல்லை, விதைக்கும் உரத்துக்கும் விலை இல்லை. ஒரு கமக்காரனை நாயகனாகக் கொண்ட படத்தில் எவரும் எவருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

இங்கேதான் நாம் முக்கியமெனக் கருதும் செய்தியொன்றைக் கூறவேண்டும். படத்தின் தொடக்கத்தில் முதியவர் சிலர் திரைக்கு நேராக அமர்ந்து, புழுதி நிறைந்த தம் இளமைக்காலத்தை நினைவுகூர்கின்றனர். சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்ததைச் சொல்கின்றனர். அவர்களுள் முதிய மர்ஃபாக வரும் எலன் பேர்ஸ்டின் நடிகை, ஏனையோர் நடிகரல்லர். 1930களில் அமெரிக்கத் தென்சமவெளிகளைச் சூறையாடிய புழுதிப்புயல்களிலிருந்து உயிர்தப்பிய மெய்யான மனிதர் அவர்கள். கென் பேர்ன்ஸ் என்பார் 2012இல் தொலைக்காட்சிக்கென எடுத்த ஆவணப்படத்திலிருந்து அவர்களது வாய்மொழி பெறப்பட்டுள்ளது. அந்த ஆவணப்படத்தின் முதற்பகுதிக்கு 'மாபெரும் உழவு' என்ற பொருளில் தலைப்பிடப்பட்டுள்ளது. அதாவது புழுதிக்குக் காரணம் தலைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நோலன் தட்டுகளை எடுத்துக்கொண்டார், கலப்பையை விட்டுவிட்டார்.

அந்தக் கலப்பையின் கதையைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ், கொலராடோ ஆகியவற்றின் வரண்ட சமவெளிகளைப் புல்வேர்கள் பன்னெடுங்காலமாகக் கட்டிப்பிடித்து வைத்திருந்தன. முதலாம் உலகப்போர்க் காலத்திற் கோதுமை விலை புசல் ஒன்றுக்கு 2 டொலருக்கு மேல் உயர்ந்தது. போர் முடிந்தபின்னும் உழவு நிற்கவில்லை. உழவு இயந்திரம் வந்தது. அதை வாங்கக் கடன் வந்தது. கடனை அடைக்க மேலும் நிலம் உழப்பட்டது. விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்துபோகும் நகரத்து முதலீட்டாளரும் இப்போட்டியில் இறங்கினர். 1925க்கும் 1930க்கும் இடையில் தென்சமவெளிகளில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் புல்நிலம் புதிதாகக் கிளறப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் விலை சரிந்து, 1932இல் 40 சதத்துக்கும் கீழே போயிற்று. வருமானம் குறையக்குறைய, கடனிலிருந்து மீளக் கமக்காரர் இன்னும் அதிகமாக விளைவித்தனர். அதனால் விலை இன்னும் சரிந்தது. அவ்வேளையில் மழை பொய்த்தது. வரட்சி அந்நிலத்துக்குப் புதிதன்று. வேரற்ற வெறுமண்ணில் வந்த வரட்சியே புதிது. 1935 ஏப்ரல் 14ஆந் திகதி எழுந்த புயலைக் 'கறுப்பு ஞாயிறு' என்று மக்கள் இன்றும் நினைவுகூர்வர். இயற்கை இங்கே துணைக்காரணி. முதற்காரணி நிலத்தை இலாபக் கருவியாக மட்டும் கண்ட உற்பத்தி முறை. அமெரிக்க வரலாற்றாசிரியர் டொனல்ட் வொர்ஸ்டர் 1979இல் வெளியிட்ட நூலில் இதனை ஐயந்திரிபற நிறுவியுள்ளார். முதலாளித்துவக் கமத்தொழிலின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடும் முன்னேற்றமே என்ற கருத்தை 1867இலேயே, 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் முன்வைத்திருந்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

டார்கோ சுவின் 1979இல் வெளியிட்ட தமது நூலில், அறிவியற் புனைவை அறிகையும் அந்நியப்படுத்தலும் ஒன்றுசேரும் இலக்கியவகை என வரையறுத்தார். பிரெக்டின் அரங்கியலுக்குக் கடன்பட்ட எண்ணக்கரு அது. பழகிப்போன ஒன்றை விந்தையாக்கிக் காட்டுவது, அதன் காரணங்களைப் பார்வையாளன் வினவவேண்டும் என்பதற்காகவே. நோலனிடம் இம்முறை தலைகீழாகிறது. காரணம் அறியப்பட்ட வரலாற்றை எடுத்து, எதிர்காலத்தில் வைத்து, காரணம் அறியமுடியாத இயற்கையாக அது மாற்றப்படுகிறது. விந்தைப்படுத்தல் எஞ்சியிருக்கிறது, அறிகை கழன்றுவிட்டது.

இதனாற் படத்தில் உண்மையே எட்டிப்பார்க்கவில்லை என்பதல்ல. ஓரிடத்தில், விண்வெளி நிறுவனம் ஒருகாலத்தில் மூடப்பட்டதன் காரணம் பேச்சுவாக்கில் வருகிறது: பட்டினியால் வாடும் மக்கள்மீது உயரத்திலிருந்து குண்டுவீச அது மறுத்ததாம்! யார் அந்தப் பட்டினி மக்கள்? எந்த நாட்டவர்? அவர்கள்மீது குண்டு வீசப்பட்டதா? ஒரு முழுப்படத்துக்குரிய வினாக்கள் இவை. பாத்திரங்கள் அடுத்த வாக்கியத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள உலகம் படத்தில் வேறெங்கே வருகிறது என்று தேடினால், தொடக்கத்தில் சோளக்கொல்லைக்கு மேலாக ஆளற்றுப் பறந்துவரும் இந்திய உளவு விமானமே அகப்படுகிறது. கூப்பர் அதனைத் துரத்திப் பிடித்து, அதன் உறுப்புகளைத் தன் பண்ணைக்குப் பயன்படுத்த எடுத்துக்கொள்கிறான். படம் இதனை மகிழ்ச்சியான குடும்பக் காட்சியாகவே அமைத்துள்ளது.

இன்னுமோரிடம் இதனினும் நெருக்கமானது. பூமியிலுள்ளோரையும் காப்பாற்றுவதென்ற முதலாவது திட்டம் நிறைவேறாதென்பதைப் பிராண்ட் பல ஆண்டுகளாக அறிந்தே மறைத்திருக்கிறார். மெய்யான திட்டம் உறைநிலையிற் பாதுகாக்கப்பட்ட கருக்களைப் புதிய கோளுக்கு அனுப்புவது. வாழும் மக்கள் கைவிடப்பட்டவர்கள். உழைக்கும் பெருந்திரளின் பேரால் அறிவும் வளமும் திரட்டப்பட்டு, அத்திரளுக்குத் தெரியாமல் அது கணக்கிலிருந்து நீக்கப்படும் செயலை இதைவிடத் துல்லியமாக எந்த ஹொலிவூட் படமும் காட்டியதாக நாம் அறியோம். இந்த வாக்குமூலத்தைத்தான் பாதி கேட்காதவாறு ஒலியமைத்துள்ளனர். பின்னர் கருந்துளையினுள், தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான அன்பு காலத்தைக் கடந்து சமன்பாட்டைத் தீர்த்துவைக்க, பிராண்டின் பொய்யும் தானாகவே மெய்யாகிவிடுகிறது. பொய் சொன்ன அமைப்பு கேள்விக்குள்ளாகவேயில்லை.

அன்பை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்த அன்பு யாருக்கு எட்டுகிறது என்று பார்த்தல் வேண்டும். கமக்காரனாகவே எஞ்சிய மகன் டொமைப் படம் படிப்படியாக மூர்க்கனாக்குகிறது. அவனது பிள்ளை புழுதியால் நோயுற்றிருக்கிறது. அவன் நிலத்தை விட்டுப் போக மறுக்கிறான். அவனை வீட்டிலிருந்து அப்பாலாக்குவதற்காக, விஞ்ஞானியான மர்ஃப் அவனது சோளப்பயிருக்குத் தீவைக்கிறாள். உலகின் கடைசித் தானியம் எரிகிறது. அதே வேளையில் இசை உச்சத்தை எட்டுகிறது. நாம் மீட்சியைக் கொண்டாடவேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது. பஞ்சம் பற்றிய படமொன்றில் விளைந்த பயிரை எரிப்பது வெற்றியின் முன்னுரையாக வருவது தற்செயலன்று. மண்ணைப் பார்ப்பவன் மந்தன், வானைப் பார்ப்பவன் மாமனிதன் என்ற பாகுபாடு முதற்காட்சி தொட்டே இழையோடி வந்துள்ளது. இவ்விடத்து ஒரு துணுக்கையும் சொல்லலாம். படப்பிடிப்புக்காகக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 500 ஏக்கரிற் சோளம் பயிரிடப்பட்டது. எஞ்சிய விளைச்சலை விற்றதில் இலாபமும் கிடைத்ததாக நோலன் கூறியுள்ளார். படத்தில் இல்லாத சந்தை, படப்பிடிப்பில் இருந்திருக்கிறது.

முடிவில் மனிதகுலம் சனிக்கோளருகே சுழலும் உருளைவடிவ நிலையமொன்றில் வாழ்கிறது. அங்கே வெள்ளை மரவீடுகளும் வயல்களும் பேஸ்போல் விளையாட்டும் உள்ளன: ஓர் அமெரிக்கச் சிற்றூர் அவ்வாறே பெயர்த்து வைக்கப்பட்டுள்ளது. அங்கு நிலம் யாருடையது, எத்தனை பேர் பூமியில் விடப்பட்டனர் என்பன சொல்லப்படவில்லை. கூப்பரின் பழைய வீடு அருங்காட்சியகமாகியுள்ளது. தொடக்கத்தில் நாம் கண்ட முதியவர்கள் அங்கே காட்சித்திரைகளிற் பேசிக்கொண்டேயிருக்கின்றனர்.

புழுதிப்புயல்கள் வீசிய அதே ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படமொன்றும் நமக்குண்டு. 'சமவெளிகளைச் சிதைத்த கலப்பை' என்ற பொருள்படும் தலைப்போடு, 1936இல் பெயர் லொரென்ற்ஸ் அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிருவாகத்துக்காக இதனை ஆக்கினார். போர்க்காலக் கோதுமை வேட்டையைக் காட்டுமிடத்தில் உழவு இயந்திரங்களையும் போர்த்தாங்கிகளையும் மாறிமாறி அவர் அடுக்குகிறார். அப்படத்தின் ஒளிப்பதிவாளர்களாயிருந்த இடதுசாரிக் கலைஞர் போல் ஸ்ட்ராண்டும் லியோ ஹேர்விற்சும், சமூக அமைப்பின்மீதான குற்றச்சாட்டு இன்னும் வெளிப்படையாக இருத்தல் வேண்டுமென லொரென்ற்சுடன் முரண்பட்டனர். அவர்கள் பக்கமே நியாயம் என்பது நமது கருத்து. அவ்வளவு மிதமான அப்படத்தையே ஹொலிவூட்டின் பெரிய விநியோக நிறுவனங்கள் ஏற்கவில்லை. சுயாதீனத் திரையரங்குகளே காட்டின. அதன் நீளம் அரைமணித்தியாலத்துக்கும் குறைவு. நமது பல்கலைக்கழகத் திரைப்பட வட்டங்கள் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தைத் திரையிடும் நாளில், இதனை முதலிற் காட்டிவிட்டுத் தொடங்கலாம். கலந்துரையாடலுக்கு வேறு முன்னுரை தேவைப்படாது.