சங்க இலக்கியச் செம்பதிப்பும் மின்பதிப்பும்

ஒரு நூலின் சுவடிகளை ஒப்பிட்டு, பொருந்திய பாடத்தை நிறுவி, ஏனைய பாடங்களையும் குறித்துத் தரும் பதிப்பு செம்பதிப்பு எனப்படும். கணினியில் சொற்களைத் தேடி எண்ணும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில் இப்பணியின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

சுவடி எழுத்தின் சிக்கல்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன. எனவே ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரு சொற்களும் ஏட்டில் ஒரே வடிவில் தோன்றும். எது சரியான சொல் என்பதை யாப்பு, பொருள், பிற சுவடிகள் ஆகியவற்றைக் கொண்டு பதிப்பாசிரியரே முடிவு செய்கிறார்.

குறுந்தொகைப் பதிப்புகள்

குறுந்தொகையைத் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் தம் உரையுடன் 1915இல் வெளியிட்டார். உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. அவர் தாம் கொண்ட பாடத்தோடு பிரதிபேதங்களையும் காட்டினார். எஸ். வையாபுரிப் பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பு 1940இல் வெளிவந்தது. ஏவா வில்டன் கிடைத்த சுவடிகளை மீண்டும் ஒப்பிட்டு, 2010இல் செம்பதிப்பு வெளியிட்டார். நூல் ஒன்றே; ஆயினும் பதிப்புகளுக்கிடையே பாட வேறுபாடுகள் உண்டு.

மின்பதிப்பின் பயனும் குறையும்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள், நூலகம் செல்ல இயலாத மாணவருக்கும் பழந்தமிழ் நூல்களைக் கொண்டு சேர்த்தன. இது பெருந்தொண்டு. ஆனால் இணையத்தில் உலவும் மூலங்களில் பெரும்பாலானவை ஒரே பாடத்தைத் தருகின்றன; பிரதிபேதங்கள் விடுபட்டுவிடுகின்றன. எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் நகல்கள் பெருகும்போது மறைந்துவிடுகிறது.

‘இச்சொல் குறுந்தொகையில் இத்தனை முறை வருகிறது’ என்று கணினி காட்டும் எண், உண்மையில் ஒரு பதிப்பாசிரியர் தேர்ந்த பாடத்தைப் பற்றியதே. அச்சொல்லைக் கொண்டு பழங்கால வழக்கம் ஒன்றை நிறுவ முயலும் ஆய்வேடு, பாடம் மாறினால் அடித்தளம் இழக்கும்.

பாடலைச் சுவைப்பவருக்கு ஒரு பாடம் போதும். வேறுபாடுகளை அடுக்கினால் படிப்பு தடைப்படும் என்பர். சுவைப்பவருக்கு அது பொருந்தும். சான்று காட்டுபவருக்குப் பொருந்தாது.

செய்யத்தக்கவை

மின்பதிப்பாளர் மூலப்பதிப்பின் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு பிரதிபேதங்களையும் சேர்த்துத் தர வேண்டும். மாணவர் தம் முடிவுக்கு ஆதாரமான சொற்களையேனும் செம்பதிப்பில் சரிபார்க்க வேண்டும். தேடலைக் கணினி விரைவாகச் செய்யும். தேடப்படும் பாடம் நம்பத்தக்கதா என்பதை ஆய்வாளரே பார்க்க வேண்டும்.