வரவேற்பறையில் எழுதிய நேர்மை

2009இல் நெட்ஃபிளிக்ஸ் தன் பணிக் கலாச்சாரம் பற்றி நூறுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளை இணையத்தில் போட்டது. ரீட் ஹேஸ்டிங்ஸும், அப்போது மனிதவளத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த பேட்டி மெக்கோர்டும் உருவாக்கியது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வேலை மாற நினைக்கும் நண்பர்களிடம் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். நெட்ஃபிளிக்ஸில் சேர்வதற்காக அல்ல, ஒரு கம்பெனியை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள.

ஆரம்பத்திலேயே என்ரான் வருகிறது. அதன் வரவேற்பறையில் இருந்த விழுமியங்களில் முதலாவது நேர்மை. கணக்கு மோசடி வெளியே வந்து, 2001 டிசம்பரில் திவால். ஆக, உண்மையான விழுமியம் சுவரில் இல்லை. யாருக்குப் பரிசு, யாருக்குப் பதவி உயர்வு, யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்கிறது தொகுப்பு.

நான் இதைத் தாமதமாகத்தான் படித்தேன். அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் சுவரெல்லாம் 'வெளிப்படைத்தன்மை'. ஒரு ரிலீஸில் தொகை தப்பாக ரவுண்ட் ஆவதைக் கண்டுபிடித்து வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினேன். "போன்ல சொல்லியிருக்கலாமே, மெயில்ல எதுக்குப் போட்டீங்க?" என்றார் மேனேஜர். அந்த வருஷ அப்ரைசலில் என் ரேட்டிங் ஒரு படி இறங்கியது. அந்தப் பிழை தெரிந்தும் வாயைத் திறக்காதவர் டீம் லீட் ஆனார். எனக்குத்தான் பக்குவம் போதவில்லை என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொகுப்பின் பலம், கசப்பானதையும் மறைக்காதது. நாங்கள் குடும்பம் இல்லை, விளையாட்டு அணி; சுமாராக வேலை செய்தால் நல்ல தொகை கொடுத்து அனுப்பிவிடுவோம் என்கிறது. எனக்கு அது ஒத்துவராது. ஆனால் சேர்வதற்கு முன்பே அது தெரிந்துவிடுகிறதே!

குறை வேறு இடத்தில். இவர் போகிறேன் என்றால் தக்கவைக்கப் போராடுவேனா என்று மேனேஜர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். ஊழியருக்கும் ஒரு கேள்வி உண்டு: 'நான் போகிறேன் என்றால் எவ்வளவு முயற்சி எடுப்பீர்கள்?' என்று அதே மேனேஜரிடம் போய்க் கேட்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தராசு அவர் கையில்தான். 'இந்த இடம் எனக்குச் சரிப்படுமா?' என்று எடை போட ஊழியரிடம் எதுவும் இல்லை.

அதனால் நானே இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது கேட்பேன். கடைசியாக இங்கே பதவி உயர்வு யாருக்கு, எதற்காகக் கிடைத்தது? கெட்ட செய்தியை முதலில் சொன்னவருக்கு அப்புறம் என்ன ஆச்சு? பெயர் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். பல இடங்களில் சிரித்து மழுப்பினார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புரொடக்‌ஷன் டேட்டாவைத் தவறுதலாக அழித்துவிட்டு உடனே வந்து சொன்ன ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவன் இன்னும் அதே டீமில் இருந்தான். சம்பளம் குறைவுதான், சேர்ந்துவிட்டேன்.

ஈஎம்ஐ கழுத்தை நெரிக்கும்போது இந்தத் தேர்வு எல்லோருக்கும் வாய்க்காது, ஒத்துக்கொள்கிறேன். வேலையை விட முடியாவிட்டாலும், தப்பு நம்மிடம் இல்லை என்று தெரிந்துகொள்ளவாவது அந்த இரண்டாவது கேள்வி உதவும். உங்கள் ஆபீஸில் அதற்கு என்ன பதில்?