தறியில் இருக்கும் பாய்

கழுகுமலை வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்பதை நாம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காரணம், அந்தக் கோயில் முடியாமலே நின்றுபோனது. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சிற்பிகள் விமானத்தை அத்தனை நுணுக்கமாகச் செதுக்கிவிட்டு, அடிப்பகுதியை வெறும் பாறையாகவே விட்டுப் போயிருக்கிறார்கள். உளி எதுவரை வந்தது என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டலாம். முடிந்த கோயில் எதுவும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தராது. பாதி வேலையைக் காட்டுவதற்குச் சாதகமாக இதைவிடப் பெரிய சாட்சி பழைய நெல்லைச் சீமையில் இல்லை.

ஆனால் அதை நாம் பார்ப்பது சிற்பிகள் போன பிறகு. வேலை நடக்கும்போதே பார்ப்பது வேறு. பார்ப்பவர் வாய் திறப்பார். செய்பவர் அதைக் கேட்டாக வேண்டும்.

என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் பட்டுப்பாய் சொல்லியிருந்தேன். பெண், மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் சேர்த்து நெய்து தருவது அங்கே நெடுநாள் வழக்கம். நெய்த அம்மா வாட்ஸ்அப்பில் அவ்வப்போது படம் அனுப்பினார். முதல் படத்திலேயே பலன் கிடைத்தது. பெயரில் ‘ழ’ வரவேண்டிய இடத்தில் ‘ல’ இருந்தது. தாளில் எழுதிப் பார்த்த கட்டம் என்பதால் அப்போதே திருத்த முடிந்தது. முடிந்த பாயாக வந்திருந்தால் அந்தப் பிழை மணவறைவரை போயிருக்கும்.

இரண்டாம் படத்தை நான் குடும்பக் குழுவில் போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். கரையில் பச்சை வேண்டாம், சிவப்பு போடலாம் என்று முடிவாகி, அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். “பிரிச்ச கோரைய மறுபடி போட முடியாதுக்கா, ஒடிஞ்சிரும்” என்றார். பிரிக்கவும் செய்தார். அதுவரை நெய்திருந்த நாலு நாள் உழைப்புக்கு அவர் காசு கேட்கவில்லை. நானாகக் கொடுத்ததும் அதற்கு ஈடாகாது.

அடுக்களையில் பாதி வெந்த குழம்பை ருசி பார்த்து உப்புச் சொல்வதுபோல் இதையும் நினைத்துவிடுகிறோம். குழம்பு திருத்தத்தை ஏற்கும். கோரை ஏற்காது. எந்தக் கட்டம்வரை மாற்றலாம் என்பது நெய்பவருக்குத் தெரியும், படம் பார்ப்பவருக்குத் தெரியாது. பாதி வேலையைக் காட்டும் பழக்கத்தின் முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை அத்தனை எளிதில் கண்ணில் படாது. பத்தமடையிலிருந்து வரும் படங்கள், வீடியோக்கள் பெரும்பாலும் தறியைத்தான் காட்டுகின்றன. சாயக் கோரை பாவுக்குள் ஓடுவது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பட்டுப்பாயின் மென்மை தறியில் பிறப்பதில்லை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, நார் நாராக வகிர்வதில்தான் அது பிறக்கிறது. பத்து மடைகள் இருந்ததால் பத்தமடை என்பார்கள். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் அது. அந்தத் தண்ணீரையும், ஒரு தண்டைக் கீறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கையையும் யாரும் படமெடுப்பதில்லை. அதனால் விலை கேட்பவர், “நாலு நாள் நெய்றதுக்கா இவ்வளவு?” என்கிறார்.

1956-இல் பிரெஞ்சு இயக்குநர் ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ, ஓவியர் பிக்காசோ வரைவதையே படமாக எடுத்தார். அதில் ஓர் ஓவியம் கெட்டுப்போவதையும், பிக்காசோ அதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதையும் காட்டியிருக்கிறார். எனக்கு அந்தப் படத்தில் மதிப்பான பகுதி அதுதான். கெடுவதைக் காட்டும் துணிச்சல் பிக்காசோவுக்கு இருந்தது. அடுத்த வாரச் செலவுக்கு இந்தப் பாயை நம்பியிருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சட்டம் சார்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பத்தமடைப் பாய் 2012-13-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது காப்பது ஊர்ப் பெயரை. புதிதாக யோசித்த ஒரு கரை வடிவத்தை எங்கோ ஓர் இயந்திரத்தில் அச்சடித்து வேறு பெயரில் விற்றால் அந்தக் குறியீடு தடுக்காது. வடிவத்தைப் பதிவு செய்யலாம் என்றால், 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி விண்ணப்பிக்கும் முன் அது பொதுவெளியில் வந்திருக்கக் கூடாது. தறியிலிருந்து ஆசையாகப் போட்ட ஒரே ஒரு படம் அந்த உரிமையைப் பறித்துவிடலாம். இதை நெசவாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது, அவர்களைப் படம் போடச் சொல்லி ஊக்குவிக்கும் எல்லோருடைய கடமை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் காட்டுவதன் பக்கம்தான். கோரைப்பாய் என்றாலே பிளாஸ்டிக் பாய்க்கு அண்ணன் என்று நினைக்கும் ஒரு தலைமுறைக்கு, கை பட்ட வேலை எது என்று முடிந்த பாயைக் கொடுத்துப் புரியவைக்க முடியவில்லை. தறியில் பார்த்தால் புரிகிறது. என் தங்கை மகள் அந்தப் பாயை இன்னும் விரிக்கவில்லை, மடித்தே வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் முதலில் போனில் இருக்கும் அந்தப் படங்களைத்தான் காட்டுகிறாள், ‘ல’ இருந்த படம் உட்பட.

போன மாதம் இன்னொரு பாய் சொல்லப் போனேன். தாளில் பெயர் எழுதியதும் ஒரு படம் அனுப்புவேன், அதற்குப் பிறகு பாயாகத்தான் தருவேன் என்றார் அந்த அம்மா. சரி என்றேன். தண்ணீரில் ஊறும் கோரையையும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். “அதுல என்னக்கா இருக்கு பாக்கதுக்கு?” என்றார்.