மன்னார் மண்ணில் ஹைலக்ஸ் 2.8: எஞ்சின் வென்றது, கறள்தான் எதிரி

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்துவிடப்பட்டதிலிருந்து மன்னாரில் டபுள் கெப் பற்றிய பேச்சு ஓயவில்லை. 2020 மார்ச்சில் மூடிய கதவு அது. இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த வாகனங்களையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். 2025 நவம்பரில் ஒன்பதாம் தலைமுறை ஹைலக்ஸை டொயோட்டா பாங்கொக்கில் வெளியிட்டிருக்கிறது. முகம் புதிது, டாஷ்போர்ட் புதிது, மின்சாரத்தில் ஓடும் ஒரு வகையும் உண்டு. ஆனால் பொனற்றுக்குக் கீழே இருக்கும் 2.8 லீற்றர் டீசல், 2015 இல் வந்த ரெவோவில் இருந்த அதே ஜீடி குடும்பத்து எஞ்சின்தான். ஆகவே புதியதை வாங்க நினைப்பவர்களும், பழைய ரெவோவைத் தேடுபவர்களும் முதலில் பார்க்க வேண்டியது, நம் ஊர் உப்பிலும் மணலிலும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் ரெவோவைத்தான். பேசாலையில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் 2.8 ஓட்டோ கியர் வண்டியைத் தீவிலும் பெருநிலப்பரப்பிலும் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

ரெவோ வந்தபோது நம்மவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதற்கு முந்தைய விகோவில் 2,982 சிசி இருந்த இடத்தில் 2,755 சிசி. சிசி குறைந்தால் இழுவையும் குறையும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. விகோவின் 3.0 எஞ்சின் ஓட்டோ கியரில் 360 நியூட்டன் மீற்றர் இழுவிசை தந்தது, இந்த 2.8 தருவது 450. குதிரைவலு 171 இலிருந்து 177 ஆனது பெரிய விடயம் இல்லை. அந்த 450 முழுவதும் 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான் விடயம்.

அதன் பயனைக் காண கரையோர வாடிக்குப் போக வேண்டும். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மணலிலிருந்து தார் வீதிக்கு ஏறுகையில், அக்சிலேற்றரை அழுத்தி எஞ்சினை அலறவிட்டால் சில்லு சுழன்று மணலைத் தோண்டும். வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். ரெவோவில் அப்படி அழுத்தவே தேவையில்லை. நான்கு சில்லு இழுவையை லோவில் போட்டு, காலை மெல்ல வைத்தால் போதும், முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுகிறது. ஏ14 வீதியில் முருங்கன் தாண்டி மதவாச்சி நோக்கிப் போகும்போதும் அதே குணம். முன்னால் போகும் லொறியை முந்துவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. விகோவின் அந்த ‘டக டக’ சத்தமும் பெரும்பாலும் போய்விட்டது. உள்ளே இருந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகலாம்.

பராமரிப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. விகோவின் கேடி எஞ்சினில் ரைமிங் பெல்ற். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீற்றரில் மாற்றியே ஆக வேண்டும். மறந்தால் எஞ்சினே போகும். ஜீடியில் அந்த இடத்தில் செயின் இருக்கிறது. ஒழுங்காக ஒயில் மாற்றினால் அதைத் தொட வேண்டிய தேவை வராது.

டீசல் விடயத்தில் மட்டும் இந்த எஞ்சினுக்குப் பொறுமை குறைவு. பழைய 3எல் எஞ்சின் ஹைலக்ஸ் எதைக் குடித்தாலும் ஓடும். முழுக்க இயந்திர பம்ப், கிராமத்து கராஜிலேயே சரிசெய்துவிடலாம். அதனால்தான் இன்னும் சிலர் அதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள், அது நியாயமும்கூட. ஜீடியில் எரிபொருள் ஏறத்தாழ 2,200 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. ஒரு துளி தண்ணீரும் அங்கே நாசம் செய்யும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூவில் நின்று கானிலும் பரலிலும் சேமித்த பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கானிலிருந்து ரெவோவுக்கு ஊற்றாதீர்கள். பில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வடிகட்டியைத் திறந்து அடிக்கடி வடித்துவிடுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய இன்னொன்று: புகைபோக்கியில் துகள் வடிகட்டி, அதாவது டிபிஎஃப் இருக்கிறதா? 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் ஒஸ்ரேலியாவில் விற்ற ஜீடி எஞ்சின் ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சுனர் வாகனங்களின் டிபிஎஃப் குறைபாடு உடையது என்று அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. வழக்கில் அடங்கியவை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள். டிபிஎஃப் உள்ள வண்டி பஜாருக்கும் பள்ளிமுனைக்கும் சவுத்பாருக்கும் மட்டும் ஓடினால் அதில் கரி அடைத்துக்கொள்ளும். இடைக்கிடை வவுனியாப் பக்கம் நீண்ட ஓட்டம் விட வேண்டும், கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அடிக்க வேண்டும்.

ஓட்டத்தில் எனக்குப் பிடிக்காதது பின்பக்கம். லீஃப் ஸ்பிரிங்கை டொயோட்டா 100 மில்லிமீற்றர் நீட்டியிருக்கிறது. விகோவை விட முன்னேற்றம்தான். ஆனாலும் “பின்னுக்குப் பாரம் இல்லாட்டி குதிக்கும் தம்பி” என்று உரிமையாளர் முன்கூட்டியே எச்சரித்தது சரியாகவே இருந்தது. இங்கே இது சொகுசு பற்றிய குறை அல்ல. மன்னாரில் இரவில் கட்டாக்காலிக் கழுதைகள் வீதி நடுவில் நிற்கும். வெறும் பெட்டியோடு வேகமாக வந்து ஸ்டியரிங்கைச் சடாரென்று வெட்டினால் உயரமான இந்த வண்டி ஆபத்தாகச் சாயும். 2016 இல் சுவீடன் நாட்டுச் சஞ்சிகை ஒன்று நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் ஹைலக்ஸ் இரண்டு சில்லில் எழும்பியது. பிறகு டொயோட்டா திருத்தங்கள் செய்தது. திருத்தம் இருக்கட்டும், தலைமன்னார் வீதியில் இருட்டியபின் வேகத்தைக் குறைப்பதே உயிர் காக்கும்.

இனிக் கறள். மன்னாரில் ஹைலக்ஸைக் கொல்வது எஞ்சின் கோளாறு அல்ல, உப்புத்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலே கண்ணாடியில் உப்புப் படலம் விழும். அதைவிட மோசம் மீன் ஏற்றுவது. ரெஜிபோம் பெட்டியிலிருந்து கசியும் ஐஸ் தண்ணீர், மீன் இரத்தமும் உப்புமாக வண்டியின் பின்பெட்டி மூலைகளில் தேங்கி, பின்கதவின் கீழ் மடிப்புக்குள் இறங்குகிறது. நான் பார்த்த வண்டியில் வெளிப் பூச்சு பளபளப்பாகவே இருந்தது. பின்கதவைத் திறந்து மடிப்பை விரலால் தடவினால் பெயின்ற் கொப்புளித்து, உள்ளிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தது. கீழே படுத்துப் பார்த்தால், சாசியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் இரண்டு மணலால் இறுகிக் கிடந்தன. கம்பியால் குத்தியதும் ஈர மணல் கொட்டியது. அந்த ஈரம் எத்தனை மாதமாக உள்ளே இருந்ததோ! பின் டிரம் பிரேக்கையும் இதேபோலக் கழற்றித் துப்புரவு செய்ய வேண்டும். 700 மில்லிமீற்றர் தண்ணீரைக் கடக்கும் என்று கம்பனி சொல்வது மழை வெள்ளத்துக்குச் சரி. கடல் ஓரத்து ஈர மணலில் வேடிக்கைக்கு ஓட்ட அது அனுமதி அல்ல.

எல்லோருக்கும் ஹைலக்ஸ் தேவையா? தேவையில்லை. எருக்கலம்பிட்டி ஒழுங்கைகளிலும் பஜாரிலும் சாமான் இறக்குபவருக்கு ஒரு பட்டா போதும். 2005 இல் இந்தியாவில் வந்த டாட்டா ஏஸ்தான் இங்கே டிமோ பட்டா ஆனது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலுவில் அது இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. மணல், வயல், நீண்ட தூரம் மூன்றும் சேர்ந்த தொழில் உள்ளவருக்கே ஹைலக்ஸ்.

என் தீர்ப்பு இது: 2.8 ஜீடி, விகோவின் 3.0 ஐ விட எல்லா வகையிலும் மேலான எஞ்சின். ஆனால் முருங்கன், உயிலங்குளம் பக்கம் நெல் ஏற்றும் விவசாயிக்கு 150 குதிரைவலு 2.4 போதும், மிச்சப் பணத்தைச் சாசியின் அடிப்பூச்சுக்குச் செலவிடலாம். பழைய ரெவோ வாங்கப் போகிறவர்கள் வண்டியைக் கராஜில் உயர்த்தி, சாசியின் துளைகளையும் பின்கதவின் மடிப்பையும் நீங்களே பாருங்கள். பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.